அளக்கத் தெரிந்த லாக், எண்ணத் தெரியாத லாக்

பைத்தானைத் திறந்து மேத்.லாக்(1000, 10) என்று கேட்டால் 2.9999999999999996 என்று விடை வருகிறது. மடக்கை படித்த பள்ளி மாணவர் மனக்கணக்காகவே 3 என்று சொல்லிவிடுவார். மேத்.லாக்10(1000) என்று சற்றே மாற்றிக் கேட்டால் அதே பைத்தான், அதே கணினியில், 3.0 என்கிறது. கேள்வி ஒன்று, மொழி ஒன்று, விடை இரண்டு.

இதைப் பார்த்ததும் இரண்டு கட்சிகள் கிளம்பும். தசமக் கணக்கில் கணினி அப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ளாதே என்பது ஒன்று. மொழியிலேயே கோளாறு, நம்பாதே என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. பைத்தானின் மேத் தொகுதி மடக்கைக்கென்று நான்கு ஃபங்ஷன்களைத் தருகிறது: லாக், லாக்2, லாக்10, லாக்1பி. நான்கையும் மூன்று அளவுகோல்களால் நிறுத்துப் பார்க்கலாம். தரும் விடை எவ்வளவு சரி? அந்தச் சரித்தன்மையைப் பற்றி ஆவணம் என்ன வாக்குக் கொடுக்கிறது? அவசரத்தில் எழுதுகிறவர் தவறிவிழ எத்தனை குழிகளை மூடாமல் விட்டிருக்கிறது?

உள்ளே நடப்பது

ஒரே ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் லாக் தருவது இயற்கை மடக்கை, 2.71828... என்ற எண்ணை அடிமானமாகக் கொண்டது. இந்தக் கணக்கைப் பைத்தான் தானே போடுவதில்லை. தனக்குக் கீழே இருக்கும் சி மொழியின் கணித நூலகத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அத்தகைய நூலகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1993-இல் எழுதிய எஃப்டிலிப்எம் நல்ல சான்று.

கொடுத்த எண்ணை அது இரண்டாகப் பிரிக்கிறது: 2-இன் ஓர் அடுக்கு, அதைப் பெருக்க வேண்டிய, 0.707-க்கும் 1.414-க்கும் இடைப்பட்ட ஓர் எண். கணினிக்குள் எண்கள் ஏற்கெனவே 2-இன் அடுக்குகளாகத்தான் கிடக்கின்றன என்பதால் இந்தப் பிரிப்புக்குச் செலவு மிகக் குறைவு. அடுக்கின் பங்கைக் கண்டுபிடிக்க, அதை 2-இன் மடக்கையால் பெருக்கினால் போதும். மீதமுள்ள எண் 1-க்கு அருகிலேயே இருப்பதால் அதன் மடக்கையை ஒரு பல்லுறுப்புக்கோவை வெகு நெருக்கமாகப் பிடித்துவிடும். இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத் தக்கது. 2-இன் மடக்கையைக்கூட ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளாமல், பெரிய துண்டு ஒன்று, மிகச் சிறிய துண்டு ஒன்று என உடைத்து வைத்திருக்கிறார்கள். கூட்டும்போது கடைசி இலக்கங்கள் சிந்திவிடக் கூடாது என்பதற்காக. இவ்வளவு பத்திரமாக வந்த விடையின் பிழை, அந்த எண்ணின் கடைசி பிட்டில் ஓர் அலகைத் தாண்டுவதில்லை.

இதன் அருமை பழைய உழைப்போடு ஒப்பிட்டால் தெரியும். ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை உலகுக்கு அறிவித்த பத்தாண்டுகளில், ஹென்றி பிரிக்ஸ் 1 முதல் 20,000 வரையும், 90,000 முதல் 1,00,000 வரையும் உள்ள எண்களுக்கு 14 தசம இடம் வரை கையால் கணக்கிட்டு 1624-இல் வெளியிட்டார். நடுவில் விடுபட்ட எண்களை 1628-இல் ஏட்ரியன் விளாக் 10 இடம் வரை நிரப்பினார். நம் கல்லூரிகளில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டியவர்கள் எல்லாரும் அந்த உழைப்பின் வாரிசுகள். இன்று ஒரு ஃப்ளோட் எண், அதாவது மிதவைப் புள்ளி எண், 53 பிட்டுகளில் ஏறக்குறைய 16 இலக்கங்களைத் தாங்குகிறது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்த 16 இலக்கமும் அநேகமாகச் சரியாக, கண் இமைக்கும் நேரத்தில் வருகிறது. ஒற்றை எண் வாங்கும் லாக்கின்மேல் முதல் அளவுகோலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1000-இல் நடந்தது என்ன?

குறை தொடங்கும் இடம் இரண்டாவது எண். லாக்(1000, 10) என்று அடிமானத்தையும் சேர்த்துக் கொடுத்தால், பைத்தான் 1000-இன் இயற்கை மடக்கையை 10-இன் இயற்கை மடக்கையால் வகுக்கிறது. கணிதப்படி இதில் தவறே இல்லை. அடிமான மாற்று விதி அதுதான். ஆனால் ஒரே முறை ரவுண்ட் ஆக வேண்டிய விடை இங்கே மூன்று முறை ரவுண்ட் ஆகிறது: மேலே ஒரு மடக்கை, கீழே ஒரு மடக்கை, கடைசியில் வகுத்தல்.

கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 10-இன் இயற்கை மடக்கையை ஃப்ளோட்டில் அடைக்கும்போது அது உண்மை மதிப்பைவிட 2.2 × 10⁻¹⁶ அளவுக்குக் கூடிவிடுகிறது. 1000-இன் மடக்கையோ 2.4 × 10⁻¹⁶ அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் குற்றமற்றவை. இருக்கும் இடத்துக்குள் அதைவிட நெருக்கமாக அடைக்க முடியாது. ஆனால் தொகுதி கீழே சாய, பகுதி மேலே சாய, ஈவு 3-ஐவிட 3.9 × 10⁻¹⁶ குறைகிறது. 3-ஐ ஒட்டிக் கீழே இருக்கும் அடுத்த ஃப்ளோட் எண் 4.4 × 10⁻¹⁶ தூரத்தில் நிற்கிறது. விடை 3-ஐ விட்டு அதில் போய் விழுகிறது. 2.9999999999999996 பிறந்த கதை இவ்வளவுதான்.

பிழையின் அளவைவிட அது ஒளிந்திருக்கும் விதம்தான் மோசம். 100-இன் மடக்கை 10-இன் மடக்கையைப் போல் சரியாக இரண்டு மடங்கு. 10,000-இன் மடக்கை நான்கு மடங்கு. 2-இன் அடுக்கால் பெருக்கினால் ஃப்ளோட்டின் ரவுண்டிங் மாறாது என்பதால் இவற்றில் பிழை மேலும் கீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆக லாக்(100, 10) அழகாக 2.0 தரும், லாக்(10000, 10) அழகாக 4.0 தரும், 1000 மட்டும் நடுவில் காலை வாரும். 10, 100 என்று போட்டுப் பார்த்துவிட்டு “எல்லாம் சரி” என்று கோப்பை மூடுகிறவர்தான் பெரும்பான்மை. 10 லட்சத்துக்கு இதே வழியில் 5.999999999999999 வரும்.

மற்ற அடிமானங்களும் தப்பவில்லை. லாக்(243, 3) தருவது 4.999999999999999, அதன் தசமப் பகுதியை வெட்டினால் 5 வர வேண்டிய இடத்தில் 4 நிற்கும். லாக்(125, 5) எதிர்த்திசையில் சாய்ந்து 3.0000000000000004 ஆகிறது. 2-இன் 29-ஆம் அடுக்குக்கு லாக் எடுத்து அடிமானம் 2 என்றால் 29.000000000000004. இதை மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 30. ஓர் எண் 3-இன் அடுக்கா என்று கண்டுபிடிக்கும் நேர்காணல் கேள்விக்கு லாக்கைக் கொண்டு விடை எழுதுகிறவர்கள் 243-இல் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இங்கே ஆர் மொழியை எதிரில் நிறுத்துவது நியாயமான ஒப்பீடு. அதிலும் லாக் இரண்டு எண்களை வாங்கும். ஆனால் அடிமானம் 10 அல்லது 2 என்று கண்டால், வகுத்தலுக்குப் போகாமல் அதற்கென்றே உள்ள ஃபங்ஷனிடம் வேலையைத் திருப்பிவிடும். இந்த இரண்டு அடிமானங்களுக்கும் விடை கூடுதல் துல்லியமாக இருக்கும் என்று ஆவணத்திலும் எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் மக்கள் கேட்கும் அடிமானங்களில் பெரும்பங்கு இந்த இரண்டும்தான். பைத்தானுக்கும் இது ஒரு சிறிய நிபந்தனை வரி.

பைத்தானின் தரப்பிலும் வாதம் உண்டு, அது பலவீனமானதும் அல்ல. இரண்டு எண் வாங்கும் லாக், மடக்கைகளின் ஈவு என்று ஆவணம் மறைக்காமல் சொல்கிறது. எல்லா அடிமானத்துக்கும் ஒரே விதி என்ற எளிமை அதில் இருக்கிறது. 10-க்கு ஒரு வழி, 10.000001-க்கு வேறு வழி என்றால் விடைகளின் தொடர்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத படி ஒன்று விழும். ஒலியின் டெசிபெல், கரைசலின் பிஎச், தகவலின் என்ட்ரோபி ஆகியவற்றைக் கணக்கிடுகிறவருக்கு 16-ஆவது இலக்கத்தில் நடக்கும் சண்டை ஒரு பொருட்டே இல்லை. இந்த வாதத்தை ஏற்கலாம், அளக்கிறவர் விஷயத்தில். ஆனால் 1000, 10 என்று இரண்டு முழு எண்களைக் கொடுத்துக் கேட்கிறவர் பெரும்பாலும் அளக்க வரவில்லை. எத்தனை என்று எண்ண வந்திருக்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்தது பிழை.

குறையில்லாத ஃபங்ஷனும் தோற்கும் இடம்

அப்படியானால் லாக்10-ஐயும் லாக்2-ஐயும் பயன்படுத்தினால் எல்லாம் தீர்ந்ததா? பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தீரவில்லை.

ஒரு முழு எண்ணில் எத்தனை இலக்கம் என்று அறிய, அதன் பொது மடக்கையைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கி 1 கூட்டுவது பழைய சூத்திரம். இதில் பதினைந்து ஒன்பதுகள் கொண்ட 999999999999999 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃப்ளோட்டில் இந்த எண் ஒரு பிசகும் இல்லாமல் அடங்கும். அதன் உண்மையான மடக்கை 15-ஐவிட 4.3 × 10⁻¹⁶ குறைவு. ஆனால் 15-க்குக் கீழே உள்ள முதல் ஃப்ளோட் எண் 17.8 × 10⁻¹⁶ தூரத்தில் இருக்கிறது. இடைவெளியில் பாதிகூடக் கடக்காததால், மிகச் சரியாக ரவுண்ட் செய்யும் ஃபங்ஷன் 15.0 என்றுதான் சொல்ல முடியும், சொல்ல வேண்டும். சூத்திரப்படி இலக்கம் 16. உண்மையில் 15.

லாக்2-க்கும் இதே கதி. 2-இன் 49-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 562949953421311. அதன் மடக்கை 49-ஐ எட்டவில்லை. ஆனால் எட்டாத தூரம் ஃப்ளோட்டுக்குத் தெரியாத அளவு சிறியது. லாக்2 தருவது 49.0, கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 48 வர வேண்டிய இடத்தில் 49.

இங்கே லாக்10-ஐயோ லாக்2-ஐயோ குற்றம் சொல்ல வழியில்லை. இரண்டும் தங்கள் வேலையை அப்பழுக்கின்றிச் செய்தன. கேட்ட கேள்விதான் தவறு. சந்தையில் நெல்லை மரக்காலால் அளப்பார்கள், தேங்காயை எண்ணிக் கொடுப்பார்கள். மரக்கால் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் தேங்காய்க்கு உதவாது. மடக்கை தொடர்ச்சியான அளவு. இலக்கங்களின் எண்ணிக்கை, மரத்தின் ஆழம், எத்தனை பிட் வேண்டும் என்பவை எண்ணிக்கைகள். எண்ணிக்கை மாறும் விளிம்பில்தான் ரவுண்டிங்கும் வேலையைக் காட்டும்.

இதை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. லாக்கின் விடையோடு 10⁻⁹ என்று ஒரு சின்னத் துகளைக் கூட்டிவிட்டுக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவார்கள். 1000-க்கு இது சரியாகிவிடும். ஆனால் 99,99,99,999-ஐப் பாருங்கள். அதன் மடக்கை 9-ஐவிட 4.3 × 10⁻¹⁰ குறைவு. கூட்டிய துகள் அதைவிடப் பெரியது. எண் 9-ஐத் தாண்டிவிடும். ஒன்பது இலக்க எண்ணுக்குப் பத்து என்று விடை வரும். பதினைந்தாம் இலக்கத்தில் இருந்த பள்ளத்தை ஒன்பதாம் இலக்கத்துக்கு, அதாவது கோடிகள் புழங்கும் சாதாரணக் கணக்குக்குள், இழுத்துக்கொண்டு வந்ததுதான் இந்த ஒட்டின் சாதனை.

எண்ணுவதற்கு எண்ணும் கருவி வேண்டும். 2 அடிமானத்துக்குப் பைத்தானிலேயே அது இருக்கிறது. முழு எண்களுக்குள்ள பிட்_லெங்த் 3.1 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. அதில் ஃப்ளோட்டே நுழைவதில்லை. விடையில் 1 குறைத்தால் கீழ்நோக்கிய மடக்கை. 10 அடிமானத்துக்கு அப்படி ஒன்று இல்லை. எண்ணை எழுத்தாக்கி நீளம் பார்க்கலாம் என்பார்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பைத்தான் இப்போது 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களை எழுத்தாக்க இயல்பாக மறுத்துவிடுகிறது. ஆகவே நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்: லாக்10 ஒரு மதிப்பீடு சொல்லட்டும், 10-இன் அந்த அடுக்கை முழு எண்ணாகவே கணக்கிட்டு, கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டு, ஒன்று கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். நான்கு வரிதான். ஆனால் அந்த நான்கு வரியை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதும்படி விட்டிருப்பது ஒரு நூலகத்துக்கு அழகில்லை.

ரஸ்ட் மொழி இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் வந்த 1.67 பதிப்பில் முழு எண்களுக்கென்றே ஐலாக்2, ஐலாக்10, ஐலாக் ஆகிய மூன்றையும் நிலையாகச் சேர்த்தார்கள். முழு எண் உள்ளே போகும், முழு எண் வெளியே வரும். பைத்தானும் இந்தத் தத்துவத்தை அறியாததல்ல. வர்க்கமூலத்துக்கு இதே சிக்கல் இருந்தது. 2019-இல் வந்த 3.8 பதிப்பில் ஐஸ்கொயர்ட் என்ற முழு எண் ஃபங்ஷனைச் சேர்த்து அதைத் தீர்த்தார்கள். வர்க்கமூலத்துக்குக் கிடைத்த நியாயம் மடக்கைக்குக் கிடைக்கவில்லை.

சின்ன எண்களின் காவலன்

நான்கில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும், மிக அதிகமாக மெச்சத் தக்கதும் லாக்1பி. கொடுத்த எண்ணோடு 1 கூட்டி மடக்கை எடுப்பதுதான் அதன் வேலை. அதை நாமே கூட்டிக்கொள்ள முடியாதா என்று தோன்றும். முடியாது. 10⁻¹⁶-ஐ 1-ஓடு கூட்டினால் ஃப்ளோட்டில் விடை 1 தான். கூட்டிய எண் தடமே இல்லாமல் போய்விடும். அதன் மடக்கை 0. லாக்1பி அந்தக் கூட்டலைச் செய்யாமலேயே மடக்கையைக் கண்டுபிடித்து 10⁻¹⁶ என்று திருத்தமாகச் சொல்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒரு பிழை நேரும் வாய்ப்பு 10⁻¹⁷ என்று வைத்துக்கொள்வோம், முயற்சிகள் 10¹⁷. ஒரு முறையாவது பிழை நேரும் வாய்ப்பு என்ன? வழக்கமான சூத்திரப்படி 1-இலிருந்து வாய்ப்பைக் கழித்து, அதை முயற்சிகளின் எண்ணிக்கை அளவு அடுக்காக்கி, மறுபடி 1-இலிருந்து கழித்தால் பைத்தான் 0 என்கிறது. பிழை நேரவே நேராது என்று பொருள். லாக்1பியையும் அதன் ஜோடியான எக்ஸ்ப்எம்1-ஐயும் பயன்படுத்தினால் 0.632 வருகிறது. நேரவே நேராது என்பதற்கும், பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பொறியாளரும் அலட்சியம் செய்ய முடியாது. எச்பி-41சி என்ற கால்குலேட்டரில் 1979-லேயே இந்த வசதி இருந்தது. பைத்தானுக்கு 2.6 பதிப்பில் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் 2015 வரை காத்திருந்தது.

புகழ்ச்சிக்கும் ஓர் எல்லை போட வேண்டும். லாக்1பியைப் பரிந்துரைக்கிறவர்கள் உடனே வட்டிக் கணக்கை உதாரணம் காட்டுவார்கள். ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டுவட்டியில் பணம் இரட்டிப்பாக 10.24 ஆண்டு, இதை எந்த லாக்கில் போட்டாலும் அதே விடைதான். தினசரி வட்டியாக உடைத்தாலும் பிழை 12-ஆவது இலக்கத்துக்கு அப்பால்தான் தலைகாட்டும். ஒரு பைசாகூட நகராது. 1-ஓடு கூட்டும்போது தொலைந்துபோகும் அளவுக்குச் சிறிய எண்கள் புழங்கும் இடமே லாக்1பியின் களம்.

பெரிய எண்ணும் பூஜ்யமும்

பைத்தானின் லாக்குக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதற்குப் போதிய பாராட்டுக் கிடைக்கவில்லை. 10-இன் 400-ஆம் அடுக்கு ஃப்ளோட்டுக்குள் அடங்காது. மாற்ற முயன்றால் பிழை வரும். ஆனால் அந்த முழு எண்ணை அப்படியே லாக்கிடம் கொடுத்தால் 921.03 என்று விடை தருகிறது. எண் ஃப்ளோட்டில் அடங்காதபோது, அதை 2-இன் அடுக்காகவும் மீதியாகவும் தானே பிரித்து மடக்கைகளைக் கூட்டிக்கொள்கிறது. எல்லையில்லாத முழு எண்களைத் தரும் மொழி, அந்த வாக்கை லாக்கின் வாசலோடு கைவிடாமல் உள்ளேயும் கொண்டுசென்றிருக்கிறது.

பூஜ்யத்தைக் கொடுத்தால் பைத்தான் பிழை எழுப்பி நிரலையே நிறுத்திவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் கழித்தல் முடிவிலி என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். பைத்தானின் நம்பை நூலகம் அதே கழித்தல் முடிவிலியைக் கொடுத்து ஓர் எச்சரிக்கையும் காட்டும். மைஎஸ்க்யூஎல் ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் தரும். சராசரி எடுக்கும்போது வெற்று மதிப்புகள் கணக்கில் சேராமல் போவதால், சராசரி யாருக்கும் தெரியாமல் மாறிவிடும். இவற்றில் எது சரி? மிதவைப் புள்ளித் தரநிலை கழித்தல் முடிவிலியைத்தான் சொல்கிறது. லட்சம் எண்கள் கொண்ட வரிசையில் ஒரு பூஜ்யத்துக்காக மொத்த வேலையையும் நிறுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால் நம்பையின் வழிக்கு நியாயம் இருக்கிறது. ஒற்றை எண்ணைக் கையாளும் மேத் தொகுதிக்கு நிறுத்துவதே சரி.

காரணம், பூஜ்யம் பெரும்பாலும் விருந்தாளியாக வருவதில்லை. முந்தைய தவறின் தடயமாக வருகிறது. 0.01 வாய்ப்புள்ள இருநூறு நிகழ்வுகளைப் பெருக்கினால் 10⁻⁴⁰⁰. ஃப்ளோட்டில் அடங்கும் மிகச் சிறிய நேர்மறை எண் ஏறக்குறைய 4.9 × 10⁻³²⁴ என்பதால் பெருக்கற்பலன் பூஜ்யமாகிவிடும். அதன் மடக்கையைக் கேட்கும் இடத்தில் பைத்தான் கூச்சலிட்டால்தான், பெருக்கிவிட்டு மடக்கை எடுப்பதற்குப் பதில் மடக்கைகளைக் கூட்டியிருக்க வேண்டும் என்பது உறைக்கும். கூட்டினால் -921.03 என்று நல்ல விடை கையில் இருக்கும்.

பெயரும் வரிசையும்

மூன்றாவது அளவுகோலில் எல்லா மொழிகளும் சேர்ந்தே தோற்கின்றன. பைத்தானிலும் சியிலும் ஜாவாவிலும் லாக்(100) என்றால் 4.605. எக்ஸெல் தாளில் 2; அதே எக்ஸெலுக்குள் விபிஏவில் எழுதினால் 4.605. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 2, மைஎஸ்க்யூஎல்லில் 4.605. அடிமானத்தையும் சேர்த்தால் குழப்பம் கூடுகிறது: பைத்தானும் எஸ்க்யூஎல் சர்வரும் எண்ணை முதலில் கேட்கின்றன, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் மைஎஸ்க்யூஎல்லும் அடிமானத்தை முதலில் கேட்கின்றன. வரிசை மாறினால் 3 என்பது மூன்றில் ஒன்றாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஜாவாஸ்கிரிப்டிலோ இரண்டாவது எண்ணைக் கொடுத்தால் அது காதிலேயே போட்டுக்கொள்ளாமல் இயற்கை மடக்கையைத் தரும். நம்பையின் லாக் மட்டும் இரண்டாவதாக 10 என்று கொடுத்தால் பிழை எழுப்பி மறுக்கிறது. இந்த இடத்தில் அதன் கண்டிப்பு பயனுள்ளது. அடிமானத்தைத் தன் பெயரிலேயே சுமக்கும் லாக்10, லாக்2 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறவருக்கு, அந்தப் பெயர்கள் இருக்கும் எந்த மொழியிலும் இந்தக் குழப்பம் இல்லை. துல்லியத்துக்காகச் சொன்ன பரிந்துரை இங்கே தெளிவுக்காகவும் பொருந்துகிறது.

கொடுக்கப்படாத வாக்கு

மிச்சம் இருப்பது இரண்டாவது அளவுகோல். லாக்10(1000) சரியாக 3.0 தருகிறது. தரும் என்று யார் உறுதி சொன்னது? பைத்தானின் ஆவணம், இரண்டு எண் வாங்கும் லாக்கைவிட லாக்10 வழக்கமாகக் கூடுதல் துல்லியமானது என்ற அளவில் நின்றுவிடுகிறது. “வழக்கமாக” என்பது சமாதானம், உறுதிமொழி ஆகாது. பைத்தான் சாய்ந்திருக்கும் சி தரநிலையோ, கணித நூலகத்தின் துல்லியத்தை அந்தந்தச் செயலாக்கத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்கு 1985-லேயே மிகச் சரியான ரவுண்டிங்கைக் கட்டாயமாக்கிய ஐஇஇஇ 754 தரநிலை, 2008 திருத்தத்தில் மடக்கைக்கு அதைப் பரிந்துரையாக மட்டுமே வைத்தது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. விடை இரண்டு ஃப்ளோட் எண்களுக்குச் சரிபாதியில் விழுவதுபோல் தோன்றினால், எந்தப் பக்கம் ரவுண்ட் செய்வது என்று அறிய இன்னும் எத்தனை இலக்கம் கணக்கிட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியாது. வில்லியம் கஹான் இதற்கு அட்டவணை தயாரிப்பவரின் சங்கடம் என்று பெயர் வைத்தார். ஆனால் சங்கடம் என்பது முடியாமை ஆகாது. பிரான்ஸின் இன்ரியாவில் பால் ஸிம்மர்மான் உள்ளிட்டோர் நடத்தும் கோர்-மேத் திட்டம், மிகச் சரியாக ரவுண்ட் செய்யும் ஃபங்ஷன்களை வேகத்தையும் அதிகம் இழக்காமல் எழுத முடியும் என்று காட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போகாமலே ஜாவா ஒரு வாக்கைக் கொடுத்திருக்கிறது: 10-இன் முழு அடுக்கு எதைக் கொடுத்தாலும் லாக்10 அந்த அடுக்கையே தரும், மற்ற எண்களுக்குப் பிழை கடைசி பிட்டின் ஓர் அலகுக்குள் இருக்கும். நிரல் எழுதுகிறவர் காலூன்றி நிற்க இப்படி ஒரு வரி போதும். பைத்தான் அந்த வரியை எழுதவில்லை. இன்றைய கணினிகளில் விடை சரியாக வருகிறது என்பது நல்ல செய்தி; அது நூலகத்தின் தயவில் வருகிறது என்பது குறை.

தீர்ப்பு

ஒற்றை எண் வாங்கும் லாக்: தயங்காமல் நம்பலாம், பெரிய முழு எண்ணுக்கும் பூஜ்யத்துக்கும் அது நடந்துகொள்ளும் விதத்தில் பல மொழிகளைவிட ஒரு படி மேல். லாக்10, லாக்2: அளப்பதற்கு முதல் தேர்வு, ஆவணத்தில் உறுதிமொழி இல்லாதது மட்டுமே குறை. லாக்1பி: நான்கில் சிறந்தது, மிகச் சிறிய வாய்ப்புகளோடு புழங்குகிறவர் அதை அறியாமல் இருப்பது ஆபத்து.

இரண்டு எண் வாங்கும் லாக்கைத் தள்ளிவைக்கலாம். அடிமானம் 10 அல்லது 2 என்றால் அதைவிடச் சரியான ஃபங்ஷன் பக்கத்திலேயே இருக்கிறது. வேறு அடிமானம் என்றால், வகுத்தலை நாமே எழுதிவிடுவது மேல். குறைந்தபட்சம் இரண்டு தோராயங்களை வகுக்கிறோம் என்பது வரியைப் படிக்கிறவருக்குக் கண்ணெதிரே தெரியும். மொழியை வடிவமைப்பவர்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் இரண்டு: ஆரைப் போல 10-க்கும் 2-க்கும் வழி திருப்பிவிடுவது, ரஸ்டைப் போல ஒரு முழு எண் மடக்கையைத் தருவது.

லாக்கின் விடையைக் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ முழு எண்ணாக்குகிற ஒவ்வொரு வரியையும், சமக்குறி போட்டு ஒப்பிடுகிற ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு மறுபடி வாசிக்க வேண்டும். அந்த வரிகளில் பெரும்பாலானவை மடக்கையைக் கேட்கவே இல்லை. ஓர் எண்ணிக்கையைக் கேட்கின்றன. அதற்கு முழு எண்களால் விடை சொல்ல வழி இருக்கும்போது, லாக்கைக் கூப்பிட்ட பொறுப்பு எழுதியவருடையது.